ஆறாத கொப்புளமும் உறங்காத இரவுகளும்

52 வயதுப் பெண்மணி ஒருவர் கேட்டது: "மறதி நோய் வந்த மாமியாரை நான்கு ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மாலையானால் 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று வாசலில் போய் நிற்பார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து நடப்பார். சில நாள் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு தலை பின்னிவிடச் சொல்வார். எனக்கு இப்போது இரத்த அழுத்தம் 150க்கு மேல். இரண்டு மாதமாகச் சளி விட்டு விட்டு வருகிறது. குக்கர் ஆவி பட்டுக் கையில் வந்த கொப்புளம் ஒரு மாதமாகியும் முழுதாக ஆறவில்லை. மருத்துவர், 'எல்லாம் மன அழுத்தம்தான், குறைத்துக்கொள்ளுங்கள்' என்றார். மனக்கவலை உடம்பை இவ்வளவு தூரம் கெடுக்குமா? எப்படிக் குறைப்பது? அவரை விட்டுவிட்டா போக முடியும்? 'உனக்குப் பொறுமை போதாது' என்கிறார் நாத்தனார். எனக்குத்தான் மனவலிமை இல்லையோ?"

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. உங்களுக்கு மனவலிமை இல்லை என்பதற்கு நீங்கள் எழுதியதில் ஓர் அடையாளமும் இல்லை. நான்கு ஆண்டுகள் ஓர் இரவுகூட முழுதாகத் தூங்காமல் ஒரு வீட்டை நடத்தியிருக்கிறீர்கள். உடம்பு களைத்திருக்கிறது. அந்தக் களைப்புக்குக் குணக்குறை என்று பெயர் சூட்டி உங்கள் தலையிலேயே ஏற்றியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிவருகிறேன். பார்த்துக்கொள்பவரிடம் முதலில் இறக்கிவைக்க வேண்டிய சுமை பெரும்பாலும் இந்தப் பெயர்தான்.

மருத்துவர் சொன்னது தவறில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு மாதமாக ஆறாத புண் என்றால் நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்க்கரையை. வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். சளியோடு இருமலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தைராய்டு, இரத்தசோகை இரண்டையும் பார்த்துவிடலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் 'மன அழுத்தம்' என்ற விடைக்கு வர முடியும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வயிற்றுப் புண் வந்தவர்களிடம் பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் "கவலைப்படாதீர்கள், காரம் சாப்பிடாதீர்கள்" என்றே சொல்லிவந்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற மருத்துவர்கள் இருவரும் அந்த நோயாளிகளின் இரைப்பையில் ஒரு பாக்டீரியா குடியிருப்பதைக் கண்டார்கள். பலருக்கு அதுதான் மூல காரணம் என்றும், ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் அந்தப் புண்ணைக் குணப்படுத்தலாம் என்றும் பின்னர் உறுதியானது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கவலைக்கு அந்த நோயில் பங்கே இல்லை என்று இதனால் ஆகிவிடவில்லை. ஆனால் கவலைதான் காரணம் என்று கதவை மூடியதால் எத்தனை பேர் தேவையில்லாமல் வலியோடு வாழ்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

சொல் ஒன்றையும் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைகளுக்கு எழுதுகிறோம். தாங்க வேண்டிய சுமை, தாங்கும் சக்தியை மிஞ்சும்போது வரும் நெருக்கடி ஒன்று. எதிலும் நாட்டமில்லாமல், எல்லாம் இருண்டு, உடலும் மனமும் முடங்கிப்போகும் மனச்சோர்வு நோய் மற்றொன்று. முதலாவது நீண்டால் இரண்டாவதில் கொண்டுபோய் விடக்கூடும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மருத்துவர் முதலாவதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, கவலை உடம்பை இவ்வளவு தூரம் கெடுக்குமா? உங்கள் கையிலிருக்கும் கொப்புளத்திலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும், அவருடைய கணவரும் நோயெதிர்ப்பு ஆய்வாளருமான ரொனால்ட் கிளேசரும் தங்கள் குழுவோடு ஓர் ஆய்வு செய்து 1995இல் வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்களில் 13 பெண்கள் உங்களைப் போன்றவர்கள். மறதி நோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத இன்னும் 13 பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருடைய முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை உண்டாக்கி, எத்தனை நாளில் ஆறுகிறது என்று கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள் ஆனது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள்.

சின்ன ஆய்வுதான். ஆனால் அதே குழு 1998இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒரு முறையும் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒரு முறையும் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தபோது, தேர்வுக் காலத்துக் காயம் ஆற 40 விழுக்காடு கூடுதல் நாள் பிடித்தது. 11 பேரில் ஒருவருக்குக்கூட விதிவிலக்கில்லை. இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், தேர்வு முடிந்தால் வீட்டுக்குப் போகப் போகிறவர்கள்! உங்களுக்குத் தேர்வு முடியும் தேதி எழுதப்படவில்லை.

சளியைப் பற்றியும் இதே மாதிரியான சான்று இருக்கிறது. ஷெல்டன் கோஹென் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் 394 ஆரோக்கியமான தொண்டர்களின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டுகளை விட்டார்கள். விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்று அளந்துவைத்துக்கொண்டார்கள். 1991இல் வெளியான முடிவு: நெருக்கடி மிகக் குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்குச் சளி பிடித்தது, மிக அதிகமானவர்களில் 47 விழுக்காட்டினருக்கு. படிப்படியாக, நெருக்கடி ஏற ஏறச் சளியும் ஏறியது. பின்னர் 1998இல் கோஹென் இன்னொன்றையும் கண்டார். ஒரு மாதத்துக்குள் முடிந்துபோகும் நெருக்கடி சளி வரும் வாய்ப்பைக் கூட்டவில்லை. ஒரு மாதத்தைத் தாண்டி நீண்டுகொண்டே போனவைதான் கூட்டின. பெரும்பாலும் வேலையில்லாத நிலையும், நெருங்கியவர்களோடு ஓயாத மனக்கசப்பும்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை இரத்தத்துக்கு வரும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. கார்டிசோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடலில் எழும் வீக்கத்தையும் சூட்டையும், அதாவது அழற்சியை, 'போதும், அடங்கு' என்று கட்டுப்படுத்துவது. நாள்கணக்கில் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நெருக்கடி நீளும்போது, ஓயாமல் அதட்டும் குரலுக்குப் பிள்ளைகள் செவிசாய்க்காமல் போவதைப் போல, நோயெதிர்ப்புச் செல்கள் கார்டிசோலின் கட்டளைக்குச் செவிடாகிப்போகின்றன. புற்றுநோய் கண்ட குழந்தைகளின் பெற்றோரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது இந்தச் செவிட்டுத்தன்மை கண்ணுக்குத் தெரிந்தது. சளியில் நாம் படும் அவதியில் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்வதில்லை. அதை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சி செய்வது. அடக்க ஆளில்லாத அழற்சி விட்டு விட்டு வருவதில் வியப்பில்லை.

இரத்த அழுத்தத்தின் கதை இன்னும் எளிது. நல்ல தூக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கி, இரத்தக் குழாய்களுக்கு ஓய்வு கிடைக்கும். இரவில் நான்கு முறை திடுக்கிட்டு எழுபவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கோஹெனின் மற்றுமோர் ஆய்வைச் சொல்லலாம். 2009இல் 153 பேரிடம் செய்த அந்த ஆய்வில், 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். வேலையின் அளவு மட்டுமே உடம்பைக் கெடுப்பதில்லை. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வெய்ஸ் என்பவர் எலிகளிடம் சோதனைகள் செய்தார். இரண்டு எலிகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மின்னதிர்ச்சி. ஒன்றின் முன்னால் ஒரு சக்கரம்; அதைச் சுற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும். மற்றதால் எதுவும் செய்ய முடியாது. இரண்டும் பட்ட வலி ஒன்றே. ஆனால் கையாலாகாமல் இருந்த எலிக்குத்தான் இரைப்பையில் புண் அதிகம். அதிர்ச்சிக்கு முன் எச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளுக்கும் புண் குறைவாகவே வந்தது. ஒலி கேட்காத நேரத்தில் அவற்றால் நிம்மதியாக இருக்க முடிந்தது.

உங்கள் இரவுகளை இதோடு வைத்துப் பாருங்கள். மாமியார் எப்போது எழுவார் என்று தெரியாது. எழுந்தால் தடுக்கவும் முடியாது. அவர் நன்றாகத் தூங்கும் இரவிலும் உங்கள் காது தூங்குவதில்லை, இல்லையா? உங்கள் உடம்பைத் தேய்ப்பது இந்தக் காவல்தான்.

அன்போடு பார்த்துக்கொள்வதே உடம்புக்குக் கேடு என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இருவர் அமெரிக்காவில் வாழ்க்கைத்துணையைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் எழுதினார்கள். அந்தப் பொறுப்பால் மனமோ உடலோ நொந்துபோனவர்கள் இறக்கும் வாய்ப்பு, பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. செய்தித்தாள்கள் இந்த எண்ணைத்தான் பரப்பின. அதே ஆய்வில், பார்த்துக்கொண்டபோதும் அப்படி நொந்துபோகாதவர்களுக்கு அந்த அதிகரிப்பு இல்லை. பிற்காலத்தில் வந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் பார்த்துக்கொள்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவும் தெரிந்தது. ஆகவே நீங்கள் மாமியாரை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. நொந்துபோகும் இடங்களைத் தேடி, அங்கே மாற்ற வேண்டும்.

எதை மாற்றுவது? ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1980களில் சமாளிப்பைப் பற்றிச் சொன்னது இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. சிக்கலையே தீர்க்க முயல்வது ஒரு வகை, சிக்கல் மனத்தில் எழுப்பும் வேதனையைத் தணித்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியே இல்லை. பொருத்தம்தான் முக்கியம். மாற்ற முடியாததோடு நாளெல்லாம் மல்லுக்கட்டினால் உடம்பு உடையும். மாற்றக்கூடியதை விதி என்று சகித்துக்கொண்டாலும் உடையும். மாமியாரின் நினைவு திரும்பாது. "இது உங்கள் வீடுதான் அத்தை, எத்தனை முறை சொல்வது?" என்று திருத்துவது முதல் வகைத் தவறு. இரவுக் காவல் என் ஒருத்தியின் தலையெழுத்து என்று இருப்பது இரண்டாம் வகை. இந்த இரண்டாவதைப் பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். அதைப் பொறுமை என்று மெச்சவும் வீட்டில் ஆள் இருக்கிறது.

'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று அவர் சொல்லும்போது பெரும்பாலும் முகவரியைச் சொல்வதில்லை. பாதுகாப்பாக இல்லை என்கிறார். "போகலாம், முதலில் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துவருவது பல வீடுகளில் பலித்திருக்கிறது. மாலை மங்கும் முன்பே விளக்கை ஏற்றுங்கள். நிழல்கள் அவர்களை மிரட்டும். பகல் தூக்கத்தைக் குறைத்து, மாலையில் சிறிது நடக்கவையுங்கள். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் கூடிவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கக்கூடும். இவை மருத்துவர் சரிசெய்யக்கூடியவை.

இதெல்லாம் சில்லறை யோசனைகள் என்று தோன்றலாம். கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மறதி நோய் கண்டவர்களின் வீடுகளுக்கே போய், நோயைப் பற்றி விளக்கி, இத்தகைய நடத்தைகளைக் கையாளச் சொல்லிக்கொடுத்து, உறவினர்களைத் துணைக்குச் சேர்க்க உதவினார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியிருந்தது.

அடுத்து, இரவு. உங்கள் சிகிச்சையில் இதுதான் முதல் மருந்து. வாரத்தில் இரண்டு இரவுகள் நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். கணவர், மகன், நாத்தனார், மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள், யாராக இருந்தாலும் சரி. "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று கேட்காதீர்கள். அந்தக் 'கொஞ்சம்' யார் காதிலும் விழாது. "செவ்வாயும் சனியும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை நீங்கள்" என்று கிழமையும் மணியும் சொல்லிக் கேளுங்கள். என் தந்தை படுக்கையில் இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவரைக் கத்திவிட்டேன். மறுநாள் தம்பியை அழைத்து ஞாயிறும் புதனும் உன்னுடையவை என்றேன். அவன் உடனே ஒப்புக்கொண்டான். அதுவரை நான் கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை. 'பொறுமை போதாது' என்ற உங்கள் நாத்தனார் ஒரே ஒரு சனிக்கிழமை இரவு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அது அவருடைய தாய். அந்த இரவுகளில் அவருக்கும் பங்கு உண்டு.

மூச்சுப் பயிற்சி, தியானம் பற்றிக் கேட்பீர்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விட்டால் இதயத் துடிப்பு அப்போதைக்கு இறங்கும். நல்லது, செய்யுங்கள். ஆனால் தூக்கத்தைப் பறிகொடுத்தவரிடம் அதை மட்டும் நீட்டுவதை நான் உதவியாகக் கருதுவதில்லை. எழுதும் பழக்கம் இருந்தால், யாருக்கும் காட்ட வேண்டாத ஒரு நோட்டில் மனத்தில் இருப்பதை எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் மனத்தைப் பாதித்ததை எழுதிய மாணவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிற்கால ஆய்வுகள் பயன் சிறியது என்கின்றன. சிறியதானாலும் செலவில்லாதது.

மாமியாருக்கு நீங்கள் தலை பின்னிவிடுவதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அங்கே நின்றுவிட்டேன். 1990களின் தொடக்கத்தில், பயன்தரும் மருந்துகள் வருவதற்கு முன், சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயில் இறந்துகொண்டிருந்த துணைவர்களைப் பார்த்துக்கொண்ட ஆண்களிடம், நான் முன்பு சொன்ன சூசன் ஃபோக்மன் பேட்டி எடுத்துவந்தார். தொடங்கிய சில நாள்களிலேயே அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்: எங்கள் துன்பத்தை மட்டும் கேட்கிறீர்கள், நல்லதைக் கேட்பதே இல்லையே. பிறகு அந்தக் கேள்வியையும் சேர்த்தபோது, ஏறக்குறைய எல்லாப் பேட்டிகளிலும் ஏதோ ஒரு நல்ல தருணம் சொல்லப்பட்டது. பிடித்த உணவைச் சமைத்துக் கொடுத்தது, நண்பர்கள் கூடியது போன்ற சின்னச் சின்ன நிகழ்வுகள். துயரம் குறையவில்லை. அதன் பக்கத்திலேயே இவையும் இருந்தன. அவர்கள் தாங்கியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று ஃபோக்மன் கருதினார். அந்தத் தலைபின்னலை அவசரமாக முடிக்காதீர்கள்.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'போய்ச் சேர்ந்துவிட்டால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது' என்று எப்போதாவது தோன்றியிருக்கும். என் எதிரே உட்கார்ந்து அழுதவர்களில் பலர் இதைச் சொல்லித்தான் அழுதார்கள். இது பாவமில்லை, ஓய்வு கேட்கும் உடம்பின் குரல். ஆனால் சாவு நினைப்பு உங்களைப் பற்றியதாகத் திரும்பினாலோ, அவர்மேல் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல் போனாலோ, அது நான் முன்பு சொன்ன மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்துகொள்ளுங்கள். மறதி நோய்க் குடும்பங்களுக்கென்றே இயங்கும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பின் கிளை சென்னையிலும் இருக்கிறது.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். நெருக்கடி குறைந்த பிறகு தானாக இறங்கிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் அளந்து குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். அதே தாளில் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் எதிரே எழுதுங்கள். செவ்வாய், சனி மறுநாள் காலைகளில் அந்த எண் எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரிவியுங்கள்.